எஸ்.ஈ.ஓ மீம்: விளங்கிச் சிரிக்கவும் சொந்தமாகப் போடவும்

போன வருடம் எங்களிடம் வேலை பழக வந்த பிள்ளை ஒருவர், முதல் கிழமை முழுக்க எல்லா மீமுக்கும் சிரித்தார். வட்ஸ்அப் குழுவில் யாராவது ஓர் எஸ்.ஈ.ஓ மீம் போட்டால், கண்ணீர்விட்டுச் சிரிக்கிற அந்த மஞ்சள் முகத்தை முதலாவதாகப் போடுகிறவர் அவர்தான். ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் "இதில என்ன பகிடி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெல்ல, "எல்லாரும் சிரிச்சவை அண்ணா, அதுதான்" என்றார்.

நேர்மையான பதில். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

இந்தக் கட்டுரை அவரைப் போன்றவர்களுக்கு. கொக்குவிலிலோ சுன்னாகத்திலோ வீட்டு அறையில் மடிக்கணினியோடு இருந்து கடைகளுக்குப் பேஸ்புக் பக்கம் நடத்துகிறவர்களுக்கு, படிப்பை முடித்துவிட்டு டிஜிட்டல் மார்க்கெட்டிங் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு, தங்கள் கேக் வியாபாரத்துக்குத் தாங்களே விளம்பரம் செய்கிற அக்காமாருக்கு. எஸ்.ஈ.ஓ என்பது, கூகுளில் ஆட்கள் எதையாவது தேடும்போது எங்கள் பக்கம் மேலே வரும்படி செய்கிற வேலை. காசு கட்டி விளம்பரமாக மேலே வருவது வேறு கதை. இந்த வேலையில் தலையிடி நிறைய, அதனால் பகிடியும் நிறைய. ஒரு மீமைப் பக்கத்து வீட்டு மாமிக்கு விளங்கப்படுத்த உங்களால் முடிந்தால், அதற்குள் இருக்கிற தொழில் உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது என்று வையுங்கள். ஆகவே முதலில் வாசிக்கப் பழகுவோம். போடுவது பிறகு.

மீம் என்ற சொல்லை 1976இல் உண்டாக்கியவர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற உயிரியலாளர். மரபணு போல ஆளுக்கு ஆள் தாவிப் பெருகுகிற எண்ணம் என்பது அவர் வைத்த பொருள். வடிவேலுவை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

முதற்படி: பத்து மீம் சேர்த்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதுங்கள்

லிங்க்டின், ரெடிட், இன்ஸ்டகிராம் எதிலாவது எஸ்.ஈ.ஓ மீம் என்று தேடினால் குவிந்து கிடக்கும். பத்தை எடுத்துப் போனில் ஒரு கோப்புறையில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இதில் யாருக்கு, எதனால் நோகிறது? ஒரு வரியில் பதில் எழுத முடியாவிட்டால், சிரிப்பதை நிறுத்திவிட்டு அதன் பின்னால் என்ன நடந்தது என்று தேடுங்கள். கட்டாயம் எதிர்ப்படப்போகிற சிலவற்றை நானே சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தொழிலில் ஆகப் பழைய பகிடி, பிணத்தை ஒளிக்கச் சிறந்த இடம் கூகுளின் இரண்டாம் பக்கம் என்பது. முதல் பக்கத்தில் இருக்கிற பத்து முடிவுகளைத் தாண்டி யாரும் போவதில்லை, அதனால் பதினொன்றாவதாக வந்தவரின் உழைப்பு மண்ணுக்குள் போன மாதிரி. உலகம் முழுக்கச் சிரிக்கிறார்கள். நான் இதை இங்கே போடுவதில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு தாய்மார் வருடக்கணக்காகத் தெருவோரம் இருக்கிற மண்ணில், பிணம் ஒளிக்கிற பகிடி யார் காதில் எப்படி விழும் என்று சொல்ல முடியாது. எங்கள் ஊருக்கு நான் மாற்றி வைத்திருப்பது இது: "சீட்டுக் காசோடு ஓடினவர் ஒளிச்சிருக்க நல்ல இடம், கூகுளின் இரண்டாம் பக்கம்." அதே கருத்து. சீட்டுக் கட்டி ஏமாந்தவர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடச் சிரிப்பார்கள்.

இந்தப் பகிடிக்கு ஒரு உபகதை உண்டு. 2021 ஒக்டோபரில் கைபேசியிலும் 2022 டிசெம்பரில் கணினியிலும், அமெரிக்காவில் தொடங்கி, கூகுள் பக்க எண்களை எடுத்துவிட்டது. இழுக்க இழுக்க முடிவுகள் வந்துகொண்டே இருந்தன. இரண்டாம் பக்கம் என்ற ஒன்றே இல்லாமற் போனது, பகிடிக்காரர் பாடு திண்டாட்டம். 2024 ஜூனில் கூகுள் அந்த முறையைக் கைவிடத் தொடங்கியது. பக்க எண்கள் திரும்பின, பகிடியும் பிழைத்துக்கொண்டது.

அடுத்தது, எந்தக் கேள்வி கேட்டாலும் எஸ்.ஈ.ஓகாரர் சொல்கிற ஒரே பதில். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு சொல், "இட் டிபெண்ட்ஸ்." எங்கள் பாஷையில் "அது பார்த்துத்தான் சொல்லோணும்." எத்தனை நாளில் மேலே வரும்? பார்த்துத்தான் சொல்லவேண்டும். எத்தனை சொல் எழுதவேண்டும்? பார்த்துத்தான் சொல்லவேண்டும். இது நழுவல் மாதிரித் தெரியும், ஆனால் உண்மை. போட்டி எவ்வளவு, பக்கம் எவ்வளவு பழையது, தேடுகிறவர் எங்கே இருக்கிறார் என்பதை எல்லாம் பொறுத்துத்தான் விடை. குறிப்புப் பார்க்கிற சாத்திரியாராவது ஒரு திகதி சொல்லுவார். நாங்கள் சொல்லமாட்டோம்.

பிறகு மிருகங்கள். பண்டா அழுகிற படம், பெங்குயின் துரத்துகிற படம் என்று பழைய மீம்களில் ஒரு மிருகக்காட்சிச்சாலையே இருக்கும். இவை கூகுள் தன் தரப்படுத்தும் முறையை மாற்றியபோது அந்த மாற்றங்களுக்கு வந்த பெயர்கள். 2011 பெப்ரவரியில் வந்தது பண்டா. அதன் வேலை, சத்தில்லாத பக்கங்களைக் கீழே தள்ளுவது. கரடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அந்த வேலையில் இருந்த நவ்நீத் பண்டா என்ற பொறியியலாளரின் பெயர் அது. 2012 ஏப்ரலில் வந்த பெங்குயின், மற்றத் தளங்களிலிருந்து தங்கள் பக்கத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய இணைப்புகளால் மேலே ஏறியவர்களை இறக்கியது. ஒரே இரவில் வருமானம் இல்லாமற் போனவர்கள் அந்தக் காலத்தில் பலர். 2014இல் உள்ளூர்த் தேடலை மாற்றிய திருத்தத்துக்குக் கூகுள் பெயரே வைக்கவில்லை, தொழிலில் எழுதுகிறவர்கள் புறா என்று வைத்தார்கள். இப்போதெல்லாம் மாதத்தின் பெயரைச் சொல்லி விட்டுவிடுகிறார்கள். மீம் போடுகிறவர்களுக்குத்தான் நட்டம்.

இன்னொன்றை நான் சிரிக்காமல் பார்ப்பேன். முழு இணையத்தளமும் கட்டி முடித்து, படம் எல்லாம் போட்டு, ஒருவர் பெருமையாக நிற்கிறார். பின்னால் கதவில் "உள்ளே வரவேண்டாம்" என்று பலகை தொங்குகிறது. தளம் கட்டப் பயன்படுகிற வேர்ட்பிரஸ் மென்பொருளில், வாசிப்பு அமைப்புகளுக்குள் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் சரி போட்டால், எங்கள் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று தேடுபொறிகளைக் கேட்டுக்கொள்கிறோம் என்று அர்த்தம். தளம் கட்டும்போது சரி போட்டு வைப்பது வழக்கம், திறக்கும் நாளில் எடுக்கவேண்டும். நல்லூர்ப் பக்கம் ஒரு தங்குமிடத்துக்குத் தளம் செய்துவிட்டு நான் அதை எடுக்க மறந்தேன். மூன்று கிழமையாகக் கட்டுரை எழுதுகிறேன், படம் சுருக்குகிறேன், இணைப்புத் தேடுகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது கிழமை அந்தக் கட்டம் கண்ணில் பட்டது. அன்றைக்கு எவருக்கும் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்தேன். ஆகவே இந்த மீமைக் கண்டால் சிரிக்கமுதல் உங்கள் தளத்தில் அந்தக் கட்டத்தைப் போய்ப் பாருங்கள்.

சமையல் குறிப்பு மீமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒடியல் கூழ் காய்ச்ச எவ்வளவு மா என்று தேடுகிறோம். எழுதியவர் தன் அப்பம்மா வீட்டு முற்றம், மழைக்காலம், கிணற்றடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தபிறகுதான் மாவுக்கு வருகிறார். நீளமாக எழுதினால் மேலே வரும் என்ற நம்பிக்கையும், நீளமான பக்கத்தில் விளம்பரம் கூடப் போடலாம் என்ற கணக்கும் சேர்ந்த விளைவு. சொல்லின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவுகளை அடுக்குவதில்லை என்று கூகுள்காரர் பலமுறை சொல்லியும் முற்றத்துக் கதை நிற்கவில்லை.

இரண்டாம்படி: அதையே தமிழில் சொல்லிப் பாருங்கள்

மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. மொழிபெயர்த்த பகிடி, ஆறின கொத்து. அதே நோவு எங்கள் ஊரில் எந்த உருவத்தில் இருக்கிறது என்று தேடுவதுதான் இந்தப் படி, எனக்கு ஆகப் பிடித்ததும் இதுதான்.

ஆங்கிலத்தில் ஒரு புகழ்பெற்ற பகிடி உண்டு. எஸ்.ஈ.ஓ எழுத்தாளர் ஒருவர் மதுக்கடைக்குள் போகிறார். ஆனால் வாக்கியம் அங்கே முடியாது, மதுக்கடைக்கு உள்ள அத்தனை பெயரையும் அடுக்கிக்கொண்டே போகும். யாழ்ப்பாணத்தில் அது இப்படி வரும்:

"ஓர் எஸ்.ஈ.ஓ எழுத்தாளர் தேத்தண்ணிக்கடை, தேநீர்க்கடை, டீக்கடை, ரீ கடை, யாழ்ப்பாணத்தில் பிளேன்ரீ, அருகிலுள்ள தேத்தண்ணிக்கடை, மலிவு விலையில் தேத்தண்ணி ஒன்றுக்குள் நுழைந்தார்."

புதியவருக்கு இதை விளங்கப்படுத்த நான் ஒரு கொமினிக்கேஷன் கடையின் பெயர்ப்பலகையைக் காட்டுவேன். போட்டோக்கொப்பி, லமினேற்றிங், பைண்டிங், ரீலோட், ஸ்கேன், அடையாள அட்டைப் படம் என்று கடையின் பெயருக்கே இடமில்லாமல் எழுதியிருப்பார்கள். தெருவில் போகிறவருக்கு அது உதவி. பக்கத்துக்குள் அதையே செய்தால் கூகுள் அதைச் சொற்திணிப்பு என்று எடுத்துக்கொள்ளும், அது அவர்களின் ஸ்பாம் விதிகளுக்கு எதிரானது. பக்கத்தின் மறைவான தலைப்பகுதியில் தேடற்சொற்களைக் கொட்டிவைக்கிற பழக்கமும் இன்னும் சிலரிடம் இருக்கிறது. வலைத்தேடலில் அந்தப் பகுதியைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டெம்பரில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. 2009! அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் சாதாரண தரம் எடுக்கிறார்கள், அந்தப் பெட்டியை நிரப்பக் காசு வாங்குகிறவர்கள் இன்னும் வாங்குகிறார்கள். இதிலே ஒரு நல்ல மீம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

நியூயோர்க்கில் ஒருவர் இந்தப் பகிடியை உண்மையாகவே வாழ்ந்து காட்டினார். தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்கு "தாய் ஃபுட் நியர் மீ", அதாவது "எனக்குப் பக்கத்தில் தாய்லாந்துச் சாப்பாடு" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கடையின் உண்மையான பெயரே அதுதான் என்பதால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் இதைப் பார்த்துவிட்டு, கூகுள் வரைபடத்தில் உங்கள் வாடிக்கையாளரின் கடைப் பெயருக்குப் பின்னால் "யாழ்ப்பாணத்தின் சிறந்த மலிவான கேக்" என்று ஒட்டிவிடாதீர்கள். பலகையில் இல்லாத சொல்லைப் பெயரில் சேர்ப்பது விதிமீறல், கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

இனி எங்களுக்கே உரிய நோவுகள். இவற்றுக்கு வெள்ளைக்காரனிடம் மீம் கிடையாது, நாங்கள்தான் செய்யவேண்டும்.

ஒன்று, ழகரம். யாழ்ப்பாணத்தை ஆங்கில எழுத்தில் அடிக்கிறவர் சிலர் இசட்-எச் போடுவார்கள், சிலர் எல், சிலர் ஆர்-எல். ஆங்கிலப் பெயர் வேறு தனியாக இருக்கிறது. ஒரே ஊருக்கு நாலு வாசல், எந்த வாசலில் கடை போடுவது? மீம் தானாக வருகிறது: நாலு பேர் நாலு திசையைக் காட்ட, நடுவில் பஸ் சாரதி தலையில் கை வைத்து நிற்கிற படம்.

இரண்டு, நாங்கள் எழுதுகிற தமிழ். நாங்கள் உள்ளி என்போம், தமிழ்நாட்டில் பூண்டு. எங்களுக்குச் சீனி, அவர்களுக்குச் சர்க்கரை. எங்கள் சர்க்கரையோ வேறு சாமான். நாங்கள் ரியூசன், ரொறன்ரோ என்று எழுதினால் அவர்கள் டியூஷன், டொராண்டோ என்பார்கள். ரொறன்ரோவில் பிறந்த எங்கள் பிள்ளைகள் இரண்டையும் விட்டு ஆங்கிலத்தில் தேடுவார்கள். யாழ்ப்பாணத்துக் கறித்தூள் விற்கிற ஒருவருக்கு இது பகிடி இல்லை, எந்தச் சொல்லில் பக்கம் எழுதுவது என்ற முடிவு. எந்தச் சொல்லைக் கூடத் தேடுகிறார்கள் என்று காட்டுகிற கூகுள் ட்ரெண்ட்ஸில் இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, நாடு வாரியாகப் பாருங்கள். பிறகு மீம் செய்யுங்கள்.

மூன்று, பாமினி. இதைப் பற்றி நான் ஒரு நாள் முழுக்கக் கதைப்பேன். கடைக்காரர் தன் விலைப்பட்டியலை அனுப்புவார். அச்சகத்தில் பதினைந்து வருடத்துக்கு முதல் அடித்தது, பாமினி எழுத்துருவில். அதை அப்படியே இணையத்தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு குப்பைதான் வரும். காரணம் எளிது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தவை. எழுத்துருவை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது ஆங்கிலம்தான், தேடுபொறிக்குத் தெரிவதும் அதுதான். எல்லாக் கணினியும் தமிழாகவே வாசிக்கிற யூனிகோட் முறைக்கு மாற்றித் தருகிற கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, ஒரு நிமிட வேலை. மீமுக்கு: மேலே "வாடிக்கையாளர் அனுப்பியது" என்று வடிவான விலைப்பட்டியல், கீழே "கூகுள் வாசித்தது" என்று அந்தக் குப்பை. எங்கள் குழுவில் நாங்கள் போட்டவற்றில் ஆகக் கூடுதலாகப் பகிரப்பட்டது இதுதான். பகிர்ந்தவர்களில் பாதிப்பேர் அச்சகத்துப் பெடியள்.

மூன்றாம்படி: யார் சிரிக்கவேண்டும் என்று முதலே முடிவுசெய்யுங்கள்

புதியவர்கள் விடுகிற பெரிய பிழை இங்கேதான். பாமினி மீமைக் கேக் கடையின் பக்கத்தில் போட்டால் கேக் வாங்க வந்தவருக்கு என்ன விளங்கும்? எஸ்.ஈ.ஓ மீம் எஸ்.ஈ.ஓகாரருக்கு. உங்களிடம் வேலை தரக்கூடிய கடைக்காரர்களும், உங்களோடு வேலை செய்யக்கூடிய பிள்ளைகளும் பார்க்கிற இடத்தில், அதாவது உங்கள் சொந்தப் பக்கத்தில், அது நிற்கலாம். வாடிக்கையாளரின் பக்கத்துக்கு, அவரிடம் வாங்குகிற ஆளின் நோவு வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர் இங்கே இருக்கிற அம்மாவுக்கு ரகசியமாகப் பிறந்தநாள் கேக் அனுப்புகிற வியாபாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் முழுக்க இப்போது அந்தச் சேவைதான். அதில் பகிடி எங்கே இருக்கிறது? "இரவு பன்னிரண்டு மணிக்குச் சர்ப்ரைஸ் குடுக்கோணும்" என்று மகன் சொல்கிறான், அம்மா எட்டரைக்கே படுத்துவிட்டார், கேக் கொண்டுபோன பெடியனை நாய் மறித்து வைத்திருக்கிறது. இந்த மீமைப் பார்த்து ஒரு மகன் இன்னொரு மகனுக்கு அனுப்புவான். அதுதான் மார்க்கெட்டிங்.

தெரியாத ஒன்றுக்குத் திடீரென்று உலகமே சிரிக்கிற நேரமும் வரும். 2019 மே கடைசியில், ஒரு பேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். ஒரு தமிழர் பெயரைச் சொன்னதோடு, பெயின்ரிங் கொன்றாக்டர் நேசமணியின் தலையை உடைத்ததே இதுதான் என்று கதையையும் சேர்த்துவிட்டார். வடிவேலுவின் அந்தப் பாத்திரத்துக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹாஷ்டாக் உலக அளவில் ட்ரெண்ட் ஆனது. கடைகளும் நிறுவனங்களும் ஓடிவந்து தங்கள் பொருளையும் அதில் ஒட்டின. இப்படி ஓடுகிற பஸ்ஸில் ஏறலாம். ஆனால் அன்றைக்கே ஏறவேண்டும். நாலு நாள் கழித்து, வாடிக்கையாளரின் ஒப்புதல் எல்லாம் வாங்கிப் போடுகிற நேசமணி மீம், அந்தியேட்டிக்குப் பிறகு செத்தவீட்டுக்குப் போன மாதிரி.

நான்காம்படி: செய்வது

செய்வது எளிது, இதில் அதிகம் சொல்ல இல்லை. சதுரமாக 1080க்கு 1080 பிக்சல், அல்லது கொஞ்சம் உயரமாக 1080க்கு 1350. படம் வடிவமைக்கிற கான்வா செயலி போதும். போனில் பார்ப்பார்கள் என்பதால் எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. மூன்றாவது வரி தேவைப்பட்டால் பகிடி இன்னும் பழுக்கவில்லை என்று அர்த்தம்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், பாலூ தம்பி மூன்றும் கூகுள் ஃபொண்ட்ஸில் இலவசம். மூன்றும் யூனிகோட். பாலூ தம்பி தடிப்பாக, உருண்டையாக இருக்கும், மீமுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஃபோட்டோஷொப்பில் செய்தால் கொம்பும் காலும் இடம்மாறிக் கிடக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சரியான எழுத்தமைப்பு முறையைத் தெரிவுசெய்யாவிட்டால் "கொ" உடைந்துபோகும், எழுத்துடைந்த மீமுக்கு மீம் போடுவதற்கென்றே ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

படத்துக்குச் சினிமாக் காட்சிகளை எல்லோரும் எடுக்கிறார்கள். தனிப்பட்ட முறையில் போடும்போது பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஒரு கடையின் விளம்பரமாகப் போடும்போது அது வேறொருவரின் உரிமை. எனக்குப் பிடித்த வழி, சொந்தமாகப் படம் எடுப்பது. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று பட்டப் போட்டி நடக்கும். ஒரு முறை, கனபேர் சேர்ந்து தூக்கிவந்த மிகப் பெரிய பட்டம் ஒன்று எழும்பாமல் கரையில் கிடந்ததைப் படம் எடுத்து வைத்தேன். "மூன்று லட்சத்துக்குக் கட்டின இணையத்தளம்" என்று பட்டத்தில் எழுதி, ஆட்களுக்கு மேலே "ஒரு இணைப்பும் இல்லை" என்று எழுதினேன். பட்டத்தின் சொந்தக்காரரிடம் முதலே கேட்டுவிட்டேன், அவர் என்னைவிடக் கூடச் சிரித்தார். கோயில், தேர், சாமி படங்களை மட்டும் நான் தொடுவதில்லை.

ஐந்தாம்படி: போடுமுன் ஒருநாள் ஆறவிடுங்கள்

இந்தப் படியை நான் பட்டுத்தான் படித்தேன். ஒரு கடை முதலாளி ஐயா, நல்ல மனிதர், வேலை தொடங்கி இரண்டாவது கிழமை எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, நான் தேடினா எங்கட கடைதான் முதலாவதா வருது. மகன் லண்டனில தேடினா காணேல்லையாம். நீர் காசு வாங்கி என்ன செய்தனீர்?" இது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் வருகிற அழைப்பு. தேடுகிறவர் எங்கே நிற்கிறார், முதல் என்ன தேடினார் என்பதைப் பார்த்துக் கூகுள் முடிவை மாற்றும். கடைக்குள்ளேயே இருந்து தன் கடையைத் தேடுகிறவருக்கு அந்தக் கடைதான் முதலில் வரும். நான் அவருக்கு அதை விளங்கப்படுத்தியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அந்த உரையாடலை அப்படியே ஒரு மீமாக்கி என் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். என் தொலைபேசியில் அவர் இலக்கமும், அவர் தொலைபேசியில் என் இலக்கமும் இருப்பது அந்த நேரம் நினைவில் இல்லை.

இரவு ஒன்பது மணிக்கு அழைப்பு. "தம்பி, உதில இருக்கிறது நானோ?"

அவர் ஏசவில்லை. மாதக் கணக்கைச் சரியாகத் தீர்த்துவிட்டு வேறு ஆளிடம் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு விதி வைத்திருக்கிறேன்: உண்மையில் நடந்த அழைப்பிலிருந்து மீம் செய்தால், இரண்டு மூன்று வாடிக்கையாளரின் கதையைக் கலந்து, குறைந்தது ஆறு மாதம் கழித்துத்தான்.

நக்கல் யார் மேல் விழுகிறது என்பதையும் பாருங்கள். காதலியோடு நடந்துபோகிறவன் திரும்பி இன்னொரு பெண்ணைப் பார்க்கிற அந்தப் படம் உங்களுக்குத் தெரியும். பழைய வேலையையும் புது வேலையையும் பெண்களாகக் காட்டி, சுவீடனில் ஒரு நிறுவனம் அதை ஆள்சேர்ப்பு விளம்பரமாகப் போட்டது. பெண்களை மாற்றக்கூடிய பொருளாகக் காட்டுகிறது என்று 2018இல் அந்த நாட்டு விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு அதைக் கண்டித்தது. எங்கள் ஊரில் கண்டிக்க அமைப்புத் தேவையில்லை, அத்தைமார் போதும்.

பகிடி என்று தெரியும்படி போடுவதும் முக்கியம். 2024 மே மாதம் கூகுள் தேடலுக்கு மேலே ஏஐ எழுதிய பதில்களை அமெரிக்காவில் போடத் தொடங்கியபோது, பிட்சாவில் சீஸ் வழுக்காமல் இருக்கப் பசை சேர்க்கும்படி ஒருவருக்குப் பதில் வந்தது. ரெடிட்டில் பத்து வருடத்துக்கும் மேல் முதல் யாரோ விட்ட பகிடியை அது உண்மை என்று எடுத்துக்கொண்டிருந்தது. உங்கள் வாடிக்கையாளர் நெல்லிரசம் விற்கிறார் என்றால், "குடித்தால் வெள்ளிக்கிழமைக்குள் கல்யாணம் சரிவரும்" என்று படத்துக்குள் எழுதுங்கள், தளத்தின் பொருள் விளக்கத்துக்குள் எழுதாதீர்கள்.

ஆறாம்படி: நேரம் பார்த்துப் போட்டு, சரியானதை எண்ணுங்கள்

கோடைகாலத்தில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். காலை ஆறரைக்குப் போட்டால் அங்கே முதல்நாள் இரவு ஒன்பது மணி, சாப்பிட்டுவிட்டுப் போனோடு இருப்பார்கள். லண்டன்காரருக்கு அது நடுச்சாமம். அவர்களுக்கு இங்கே இரவு பத்தரைக்குப் போட்டால் அங்கே மாலை ஆறு. குளிர்காலத்தில் இரண்டு இடத்துக்கும் ஒரு மணித்தியாலம் தள்ளும்.

லைக்கைப் பார்த்து மகிழவேண்டாம். எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள், எத்தனை பேர் சேமித்து வைத்தார்கள் என்று பாருங்கள். பிறகு ஒரு கிழமை கழித்து, எந்தச் சொல்லைத் தேடி உங்கள் தளத்துக்கு வந்தார்கள் என்று காட்டுகிற கூகுளின் சேர்ச் கொன்சோலைத் திறந்து, கடையின் பெயரையே அடித்துத் தேடினவர்கள் கூடியிருக்கிறார்களா என்று பாருங்கள். மீமுக்கு விழுந்த லைக் கூகுளில் உங்களை நேராக மேலே ஏற்றாது. மீமைப் பார்த்தவர் பெயரை நினைவில் வைத்துத் தேடுவது, யாராவது தன் பக்கத்திலிருந்து இணைப்புக் கொடுப்பது, இவைதான் சுற்றிவந்து உதவும். தளத்தில் மீம் போடுகிறீர்கள் என்றால் படத்துக்குள் இருக்கிற வசனத்தைக் கீழே எழுத்தாகவும் போடுங்கள், படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்கிற மாற்று உரையையும் நிரப்புங்கள். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும், தேடுபொறியும் அதைக் கவனிக்கும்.

அந்தப் பிள்ளை இப்போது எங்களோடு ஒன்றரை வருடம். இந்த வருடம் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல்நாள் தன் முதல் மீமைக் குழுவில் போட்டார். இருபத்தைந்து நாள் திருவிழாவுக்கு ஊர் நிறையும், அறைகளும் சாப்பாட்டுக் கடைகளும் தேடப்படும். இரண்டு கட்டம். மேலே பெப்ரவரி: "ஐயா, திருவிழாவுக்கான பக்கத்தை இப்பவே எழுதுவம்." "அதுக்கு இன்னும் காலம் கிடக்குப் பிள்ளை." கீழே ஓகஸ்ட், இரவு 9.40: "பிள்ளை, விடியக் கூகுளில முதலாவதா வரோணும்."

மஞ்சள் முகங்கள் வரிசையாக விழுந்தன. நான் பழைய கேள்வியைத் திரும்பக் கேட்டேன், "இதில என்ன பகிடி?" தேத்தண்ணி ஆறும்வரை விளங்கப்படுத்தினார்.